மேற்குச் சுவர்

ஓரகத்தி பெர்சிஸ் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கு மட்டும் செலவே வருவதில்லை. ரூபிக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

மேலகரத்தில் மாமனார் ஒட்டி ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். பாகம் பிரித்தபோது கிழக்கு வீடு மூத்த மருமகள் பெர்சிஸுக்குப் போனது. மேற்கு வீடு ரூபிக்கு.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் ஊருக்கே குளிரும், ரூபிக்கு மட்டும் வேர்க்கும். சாரல் முழுக்க அவள் சுவரில்தான் அடிக்கும். உள்ளே ஓதம் ஏறி, போன வருஷம் அடித்த பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும். சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்னும். எலக்ட்ரீஷியன், பெயின்டர், புரோக்கர் என்று வாடகையை ஆள் மாற்றி ஆள் தின்றுவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் லோன் வாங்கி டைல்ஸும் ஒட்டினாள். ஒட்டிய மறுமாதமே, குழந்தைக்குச் சளி விடவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக் குடியிருந்தவர்கள் காலி பண்ணிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. தவணை மட்டும் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை.

பெர்சிஸ் வீட்டிலோ விஜயசங்கர், சொக்கம்மாள் என்று தங்கமான குடித்தனம். வந்த நாளிலிருந்து அசையவில்லை. குழாய் ஒழுகினால்கூட அந்தத் தம்பியே வாஷர் மாற்றிக்கொள்கிறான்.

"என் சுவரு நனையுது, அவ வீடு காயுது. உங்க அண்ணன் பொண்டாட்டிக்கு நான் குடை பிடிக்கேன்," என்று கணவன் ஜோஷ்வாவிடம் பொரிந்தாள்.

"ஏட்டி, மழை பெய்யுததுக்கு மைனி என்ன செய்வாக?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குக் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

அன்றைக்கே ரூபி ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் குடித்தனத்தை இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டியதுதான்.

பெர்சிஸ் தென்காசி பஸ் ஏறுவதைப் பார்த்த கையோடு, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு சொக்கம்மாள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

முதலில் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். பிறகு மெல்லப் பெர்சிஸுக்கு வந்தாள். அக்கா நல்லவுகதான், ஆனால் இந்தச் சீசனுக்கு வீட்டை டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக ஒரு பேச்சு இருக்கிறது என்றாள். அப்படி ஒரு பேச்சை அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

சொக்கம்மாள் காபித் தம்ளரை நீட்டினாள்.

"நம்ம வீட்டுக்கு வந்துரு சொக்கு. புது டைல்ஸ். வாடகையில ஐந்நூறு குறைச்சுக்கிடுதேன். நான் கூப்பிட்டேன்னு அக்காட்ட மட்டும் சொல்லாத."

சொக்கம்மாள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நாங்களே உங்க வீட்டுக்குத்தான் வாரோம்க்கா. முந்தாநாளே பெர்சிஸ் அக்கா பேசிட்டாக."

"என்னன்னு?"

"'எனக்கு எப்படியும் ஆள் கிடைச்சிரும். சாரல் அடிக்கிற வீட்டுக்கு யாரு வருவா? ரூபி லோன் கட்ட முடியாம முழிக்கா, நீங்க அங்கன போயிருங்க'ன்னாக. பிள்ளைக்கு ஓதம் ஆகாதேன்னு எங்க வீட்டுக்காரவுகதான் தயங்குனாக. அதுக்காக அக்காவே உங்க சுவர்ல தகரம் அடிச்சுத் தாரேன்னு அளவெடுத்துட்டு, ஆள் பாக்க இப்பத் தென்காசிக்குப் போயிருக்காக. அவுக செலவாம்."

ரூபிக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரூபிட்ட பேரம் பேசப்பிடாது, கேட்ட வாடகையை அப்படியே குடுத்துரணும்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காகக்கா. இப்ப நீங்களே குறைச்சா, அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"