நாலு நடை லாரி

"முன்னாடி இருந்த டிரைவர் ஒரு நாளைக்கு ஆறு நடை அடிச்சார். நீங்க நாலு. லாரி அதே லாரிதான். அப்ப கோளாறு எங்கே இருக்கு?"

மேற்பார்வையாளர் கேட்க, டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் புகையைச் சுண்ணாம்பு நீரால் கழுவும்போது வெள்ளையாக ஒரு சேறு மிஞ்சும். அதை ஊருக்கு வெளியே உள்ள குழியில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவர் வேலை. கொட்டுவதைவிட வேகமாக இங்கே குவிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மெமோ வாங்கியாச்சு. மூணாவது வந்தா வேலை போயிடும்."

"தெரியும் சார்."

"வழியில எங்கேயோ படுத்துத் தூங்குறீங்க. இன்னைக்கு நானும் வர்றேன்."

லாரி கிளம்பியது. கடைத்தெரு முனையில் டிரைவர் இடப்பக்கம் ஒடித்தார்.

"நேரா போனா குடியிருப்பு வழியா பத்தே நிமிஷம். எனக்கு ஊரைச் சுத்திக் காட்டுறீங்களா?"

"சேறு வழியெல்லாம் சிந்துது சார். காய்ஞ்சா மாவு மாதிரி பறக்குது. அந்தத் தெருவுல ஒரு கைக்குழந்தைக்கு இழுப்பு."

"அதுல ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டதே நான். அங்கேதான் குடியும் இருக்கேன். ஒரு தும்மல்கூட வந்ததில்லை. யாரோ உங்க காதுல நல்லா பூ சுத்தியிருக்காங்க."

"இருக்கலாம் சார்."

"யாரு அது?"

டிரைவர் கியரை மாற்றினார்.

"சொல்லாட்டி இன்னைக்கே மெமோ."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஒரு அம்மா சார். மூணு மாசம் முன்னாடி நடுரோட்டுல நின்னு லாரியை மறிச்சாங்க. 'பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சுக்குத் திணறுது, கொஞ்சம் சுத்திப் போங்க தம்பி'ன்னாங்க. சரின்னுட்டேன்."

"அதுக்கு ஆபீஸ் எதுக்கு இருக்கு? என்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷத்துல வாயை அடைச்சிடறேன்."

டிரைவருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

"தினமும் சோறு போடும்போதெல்லாம் உங்ககிட்ட பேசிப் பார்த்தாங்களாம் சார். நீங்க கேட்டாத்தானே? 'வெளியே தெரிஞ்சா ஆபீஸ்ல எங்க வீட்டுக்காரருக்குத்தான் தலைகுனிவு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. அதான் சோம்பேறின்னு நானே பேர் வாங்கிக்கிட்டேன்."

மேற்பார்வையாளர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"நாலு நடையே இருக்கட்டும். மேலே கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா விஷயம் எனக்குத் தெரியும்ங்கிறது மட்டும் எங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."