சுவரில் ஓர் இடம்

பாகம் பிரிக்க வந்த வக்கீல் தாமோதரன் முதலிலேயே சொல்லிவிட்டார். "தொட்டறியத்தக்க சொத்தை மட்டும் காட்டுங்கம்மா. கை வெச்சா தெரியணும். மத்ததெல்லாம் கணக்குல வராது."

அக்கா செண்பகவல்லி பீரோவைத் தொட்டாள். தங்கை குமுதினி தையல் மிஷினைத் தொட்டாள். இருவரும் வக்கீலிடம்தான் பேசினார்கள். தங்களுக்குள் பேச்சு நின்று வருடங்களாகிவிட்டன. மாலைக்குள் வீட்டில் தொடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கிளம்பும் நேரத்தில் குமுதினி பின்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது யாருக்கு சார்?"

"சுவரா?"

"சுவர் இல்ல. இந்தச் சூடு."

சுவருக்கு அந்தப் பக்கம் எருக்கஞ்செடி முளைத்த காலி மனை. வீட்டில் அடுப்பு பற்றவைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. அவள் கையை எடுத்ததும் தாமோதரன் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"எங்களுக்குத் தெரியும் சார்," என்றபடி செண்பகவல்லி அருகில் வந்தாள். "சின்ன வயசுல இடுப்பு உயரத்துல இருந்துச்சு. எங்க கூடவே வளந்துடுச்சு." தோள் உயரத்தில் கையை வைத்து, தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கதானேடி?"

குமுதினி அந்தக் கையின் மேலேயே தன் கையை வைத்தாள். சற்று நேரத்தில் இருவர் நெற்றியிலும் வியர்வை அரும்பியது.

"சரி," என்றார் வக்கீல். "யாராவது ஒருத்தர் கையை எடுங்க. இன்னொருத்தர் பேருக்கு எழுதிடறேன்."

இருட்டத் தொடங்கிய பிறகும் அவர் பேனாவைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.