ஐந்து முறை தவறு

“சார், லேப்டாப்ல ஆபீஸ் விர்ச்சுவல் மெஷின் என்னை உள்ளே விட மாட்டேங்குது” என்றாள் விற்பனைப் பிரிவு மேனேஜர், போனில்.

“கம்ப்ளெயின்ட் டிக்கெட் நம்பர் சொல்லுங்க மேடம்.” ஹெல்ப் டெஸ்க் பொறியாளரின் குரல் விறைப்பாக இருந்தது.

நம்பரை வாங்கிக்கொண்டு, நிர்வாகி கணக்கு வழியாக மெஷினுக்குள் போய்ப் பார்த்தான்.

“அஞ்சு தடவை பாஸ்வேர்டைத் தப்பாப் போட்டிருக்கீங்க. அதான் பூட்டிக்கிச்சு.”

“மறந்துட்டேன் சார்.”

“எட்டு மணிக்குச் சரியாப் போட்டு உள்ளே வந்திருக்கீங்க. ஒன்பது மணிக்கு நீங்களே வெளியே போய், ஒரே நிமிஷத்துல அஞ்சு தப்பு.”

அவன் பூட்டை நீக்கும் பொத்தானைத் தட்டினான்.

“பூட்டை எடுத்தாச்சு, உள்ளே போங்க. ஆனா வேணும்னேதானே பண்ணீங்க?”

“இன்னிக்கு டூட்டியில நீங்க மட்டும்தான். டிக்கெட் போட்டா பேசியே ஆகணும். மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா, நான் வேற என்ன பண்றது?”

அவன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்து வெளியே வந்தான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மனைவி, எதிர் நாற்காலிக்கு முன்னால் டீயை நகர்த்தி வைத்தாள்.

“கோபம் போயிடுச்சா?”

“இன்னும் இல்ல. அதான் டிக்கெட்டை மூடாம வந்தேன். மூடிட்டா மறுபடியும் பேச மாட்டேனே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.