மூன்றாவது கடிதம்

"கேக்குதா?"

"கேக்குது. படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாளிதழை விரித்தார். அவள் சமையலறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

போன திங்கட்கிழமை அவருடைய கட்டுரை வந்திருந்தது. 'அடிக்கக் கற்றுக்கொடுக்கும் சினிமா.' கதாநாயகன் அறைகிறான், அரங்கம் கைதட்டுகிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்.

அவர் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். பத்திரிகைக்குப் புரியும்படி திருப்பி எழுதிக் கொடுப்பது எப்போதும் அவள்தான்.

இன்று வாசகர் கடிதங்கள். அவள் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டாள். மூன்று இருந்தன.

கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். அடுத்த வீடுவரை கேட்கும். அவளுக்கு இடது காது கேட்காது.

முதலாவது, பல்லடத்திலிருந்து.

"சாட்டையடி கொடுத்திருக்கீங்கன்னு எழுதியிருக்கான், பாத்தியா?"

"கேட்டேன், கேட்டேன். அடுத்ததுக்குப் போங்க."

இரண்டாவது, திண்டிவனம். அதுவும் புகழ்ச்சிதான்.

மூன்றாவதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

'கட்டுரை சரி. ஆனால் எனக்கு ஒரு வீட்டைத் தெரியும். அங்கே டிவி கிடையாது. வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படம்கூடப் பார்த்ததில்லை...'

"அட, நம்மள மாதிரியே ஒரு குடும்பம்!"

சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை.

'...ஒருநாள் ரசத்தில் உப்பு கூடிப்போயிற்று. கையை ஓங்கினார். எந்தக் கதாநாயகனிடம் கற்றாரோ தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணுக்கு இடது...'

குரல் நின்றது.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அடுத்த வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

அவர் உதடு அசைந்தது. "என்னடி இது" என்பதுபோல. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் அத்தனை தணிந்து பேசியதில்லை.

அவளுக்குக் கேட்கவில்லை.

முறத்தை ஓரமாக வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கீழே பேரும் ஊரும் போட்டிருக்கும். அதையும் சத்தமாப் படிங்க."