பாப்பா பார்க்கும் படலம்

“சார், உங்க மூத்தது பண்ற அட்டகாசம் தாங்கலை. தம்பிப் பாப்பாவைப் பார்க்க யாரையும் உள்ள விடமாட்டேங்குது.”

கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியிலேயே வழிமறித்துச் சொன்னார்.

அப்பாக்காரருக்குப் பகீரென்றது. பிஸ்கட் வாங்கப் போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஐந்து மணிக்கு மனைவியோடு மேனேஜர் வேறு வருகிறார். ஒன்பது வருஷத்தில் இந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன். அவர் முன்னால் மானம் போனால் நாளைக்கு ஆபீஸில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

“எல்லாம் பொறாமை சார். தம்பி வந்தா இப்படித்தான். என்கிட்டயே கறாரா பேசுது, நான் வந்த வழியே திரும்பிட்டேன். ரெண்டு தட்டு தட்டி வைங்க.”

அப்பாக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஐந்து வயது வாலு. முகமெல்லாம் பூரிப்பு.

“அப்பா, அப்பா, எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? நாலு பேர். எல்லாரும் என் தம்பியைப் பார்க்கத்தான் வந்தாங்க.”

“மேனேஜர் வந்தாரா?”

“தொப்பை மாமாவா? அப்பவே வந்துட்டார். உள்ள பாத்திரம் தேய்க்கிறார்.”

பிஸ்கட் பை கையிலிருந்து நழுவியது.

சமையல்கட்டில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றார் மேனேஜர். பக்கத்தில் அவர் மனைவி டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். எதிர்வீட்டு டீச்சர் தரையில் உட்கார்ந்து பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, சார், மன்னிச்சுக்குங்க. தம்பி வந்ததுலேர்ந்து இவளுக்குப் பொறாமை. இன்னைக்கு இவளை…” கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார் அப்பாக்காரர்.

“மெதுவாப் பேசுங்க,” என்றார் மேனேஜர். “உங்க வீட்டம்மா தூங்கறாங்க. பன்னிரண்டு நாள்ல இன்னைக்குத்தான் பகல்ல கண்ணசந்திருக்காங்களாம்.”

“அதுக்கு நீங்க எதுக்கு சார் பாத்திரம்…” என்று இழுத்தார் அப்பாக்காரர்.

“பாப்பாவைப் பார்க்க வர்றவங்க எல்லாம் காபி குடிச்சுட்டுப் போயிடறாங்க, எங்கம்மா டம்ளர் கழுவிக்கிட்டே இருக்காங்கன்னு உங்க பொண்ணு சொல்லுச்சு. அதனால இந்த வீட்ல ஏதாவது ஒரு வேலை செஞ்சாத்தான் தம்பியைக் காட்டுமாம். நியாயம்தானே? என் வீட்ல ரெண்டு பிள்ளைங்க பொறந்தப்ப எனக்கு இது தோணவே இல்லை.”

அவர் மனைவி தலை நிமிராமலே சிரித்துக்கொண்டார்.

ஓங்கிய கையால் அப்பாக்காரர் தலையைச் சொறிந்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கூடவே பெருமையும் பொங்கியது.

“என் பொண்ணாச்சே சார். வளர்ப்பு அப்படி,” என்று சிரித்தபடி, மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாமென்று படுக்கையறைக் கதவில் கை வைத்தார்.

வாலு ஸ்டூலிலிருந்து குதித்துக் குறுக்கே நின்றது.

“நில்லுங்கப்பா. பன்னிரண்டு நாளா நீங்க மட்டும்தான் ஒரு வேலையும் செய்யாமலே தம்பியைப் பார்த்துட்டு இருக்கீங்க.”