குட்டிக்கரணம் போடும் கிருமி

"இது தோல்ல இருக்கிற சனியன். சரியாத் துடைக்காம ஊசி குத்தியிருக்காங்க, ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. கலப்படம்னு எழுதிட்டுத் தூக்கிப் போடு தோர்தீஸ்," என்றான் கூட வேலை பார்க்கும் எய்னார்.

தோர்தீஸ் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஊதா நிறத்தில் குட்டை குட்டையாய்க் குச்சிகள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ரத்தத்தில் இப்படிக் குச்சிகளைப் பார்த்தால் இந்த ஆய்வுக்கூடத்தில் யாரானாலும் அதைத்தான் எழுதுவார்கள். அவளே எத்தனையோ முறை எழுதிவிட்டு, நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போயிருக்கிறாள்.

ஆனால் இந்த ரத்தக் குப்பியில் ஒட்டியிருந்த பெயர் சுன்னிவா. அவள் பெற்ற மகள்.

மேல்மாடி வார்டில் சுன்னிவா காய்ச்சலில் வெந்துகொண்டு கிடந்தாள். இடுப்பு வலிக்கிறது என்றதும் சிறுநீரகத்தில் கிருமி என்று முடிவு கட்டி, நேற்றிலிருந்து மருந்து ஏற்றுகிறார்கள். காய்ச்சல் இம்மியும் இறங்கவில்லை. காலையில் பார்க்கப் போன தாயையே "யாரு?" என்று கேட்டாள்.

சிறுநீரகத்தைப் பிடிக்கிற குச்சிகள் சாயத்தில் இளஞ்சிவப்பாகத்தானே வரும்? இது ஏன் ஊதாவாக வந்து தொலைக்கிறது?

"தோல் கிருமி இல்ல இது. எனக்குத் தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பயந்து போயிருக்கே. சொந்தப் பொண்ணோட குப்பியை நீ தொடவே கூடாது. மேல போ, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு."

"கையைப் பிடிச்சா கிருமி செத்துடுமா?"

எய்னார் தன் மேசைக்குத் திரும்பினான்.

பார்வைக்கு அச்சு அசலாகத் தோல் கிருமி மாதிரியே இருக்கும் இன்னொன்று உண்டு. பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் அவள் கைவசம் இருந்தது. உடம்புச் சூட்டில் அது மரக்கட்டை போலக் கிடக்கும். கொஞ்சம் குளிரவிட்டால் உயிர் வந்து நீந்தும். அதுவும் ஒழுங்காக நீந்தாது, தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும். தோல் கிருமியோ, எத்தனை குளிரவிட்டாலும் அசையாது.

கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியிலிருந்த குப்பியில் கொஞ்சம் எடுத்துச் சன்னலோரம் வைத்திருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. மகள் எரிந்துகொண்டிருக்கிறாள், தாய் கீழே உட்கார்ந்து கிருமிக்குக் குளிர் ஊட்டிக்கொண்டிருக்கிறாள்! இடையில் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்குகிறதாம்.

இனிப் பொறுக்க முடியாது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். அவசரத்தில் முதல் துண்டு உடைந்தது. இரண்டாவதை லென்சின் அடியில் தள்ளினாள்.

ஒன்றும் இல்லை. தண்ணீரில் தூசி ஆடுவதுபோல எல்லாம் சும்மா நின்ற இடத்தில் சிலிர்த்துக்கொண்டிருந்தன.

அசையேன், பாவி. அசைந்து தொலையேன்.

ஒரு குச்சி புரண்டது. தலைகுப்புற விழுந்து, எழுந்து, மறுபடி புரண்டது. பக்கத்திலேயே இன்னொன்று.

"எய்னார்! ஓடி வா!"

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அடக் கடவுளே," என்றான். "லிஸ்டீரியா."

நேற்றிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் மருந்து லிஸ்டீரியாவைத் தொடக்கூடத் தொடாது. தோர்தீஸ் தொலைபேசிக்காக வராந்தாவுக்கு ஓடினாள்.

வார்டு டாக்டர் ஹால்வர் எடுத்தான். அவள் சொல்லி முடிப்பதற்குள், லிஸ்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலினைக் கொண்டுவரச் சொல்லி அவன் நர்சிடம் கத்துவது கேட்டது. ஆனாலும் அவள் தொலைபேசியை வைக்கவில்லை.

லிஸ்டீரியா தள்ளாத கிழங்களைப் பிடிக்கும், ஏற்கெனவே நோயில் கிடப்பவர்களைப் பிடிக்கும். சுன்னிவா போன வாரம்கூடப் பனிச்சறுக்குப் போனவள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு. அந்த வயசில் ஒரு பெண்ணை இது இப்படிப் போட்டு வாட்டுகிறதென்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்.

அப்போதுதான் கிறிஸ்துமஸ் விருந்து அவள் நினைவுக்கு வந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் உப்பில் ஊறிய பச்சை மீன் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. இந்தக் கிருமி அதில் இருக்கலாம், பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மேசையில் ஒரு பெண் மீன் தட்டைத் தள்ளி வைத்தால் போதும், வாய் திறந்து சொல்லவே வேண்டாம், கட்டிப்பிடித்து வாழ்த்த ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சுன்னிவா அப்படித் தள்ளி வைத்தாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் தோர்தீஸ் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். மூன்றாம் மாதம் கரு கலைந்தது. கடைக்குப் போன இடத்தில், தேவாலய வாசலில், கண்டவர்கள் எல்லாம் சுன்னிவாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

இந்த வருஷம் அவள் தட்டைத் தள்ளவில்லை. எல்லாரும் பார்க்க, ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தின்றாள்.

இந்த வருஷமும் இல்லையா என்று தோர்தீசுக்கு மனசு விட்டுப்போனது. அதை மறைக்க, "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று தன் கையாலேயே ஒரு பெரிய துண்டை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். சுன்னிவா அதையும் தின்றாள்.

"ஹால்வர்," என்றாள். "குழந்தை உயிரோட இருக்கா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு வந்த அன்னிக்கே சுன்னிவா கெஞ்சிக் கேட்டாங்க," என்றான் ஹால்வர். "காலையில துடிப்பு இருந்துச்சு. இப்ப மறுபடி பார்க்கணும். உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தாள். எய்னார் வராந்தாவுக்கு வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"மருந்தை மாத்துறாங்களாம்," என்றாள் தோர்தீஸ்.