எண்பது சதவீதம்

மாற்றுத்திறனாளிகள் முகாமில் வரிசை நகர்கிறது. போன வருடம் இதே மேசையில், "சதவீதம் பத்தலீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று சத்யப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். இன்று, அந்தப் பன்னிரண்டு வயது மகளை டெய்லர் அருள்செல்வன் தோளில் தூக்கிவந்து நாற்காலியில் வைத்திருக்கிறான். நூல்தூசி அவன் சட்டையிலிருந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. டாக்டர் முழங்காலைத் தட்டுகிறார். கால் அசையவில்லை. ஊனம் எண்பது சதவீதம் என்று எழுதுகிறார்.

"இந்தவாட்டி பேட்டரி வண்டி கெடைச்சிருமுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க சார்" என்று கும்பிட்டுவிடுகிறான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுகிறது.

மகள் அவன் முகத்தையே பார்க்கிறாள்.

"அப்ப நான் பாஸாங்கப்பா?"

தலையாட்டிவிட்டு, கண்ணை மறைக்கக் குனிந்து அவள் செருப்பைத் தேடுகிறான். அவளுக்குச் செருப்பு போட்டுவிட்டே நான்கு மாதமாகிறது.